செப்டிக் டேங்க் ஏர் பம்ப் மோட்டார் நின்றுவிட்டது, பிரித்துச் சரிசெய்ய முடியுமா?

சுண்ணாம்புமேடு:

எல்லாருக்கும் வணக்கம். டெக்சஸில் ஆஸ்டினுக்கு வடமேற்கே லிபர்ட்டி ஹில் பக்கம் குடியிருக்கிறோம். இங்கே ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புப் பாறை. கழிவுநீரை மண்ணுக்குள் இறங்க விடும் சாதாரண செப்டிக் டேங்க் எங்கள் மனைக்குச் சரிவராது என்று கட்டும்போதே ஏரோபிக் சிஸ்டம் போட்டுவிட்டார்கள். முதல் தொட்டியில் கசடு தங்கும். இரண்டாவதில் பம்ப் இரவு பகலாகக் காற்று ஊதும். கடைசித் தொட்டியில் குளோரின் பட்ட தண்ணீர் ராத்திரியில் ஸ்பிரிங்க்ளர் வழியாகப் புல்வெளிக்குப் போகும்.

மூன்று நாள் முன்பு சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் கத்தியது. போய்ப் பார்த்தால் ஏர் பம்பில் சத்தமே இல்லை. நிமிடத்துக்கு 80 லிட்டர் காற்று தரும் பம்ப், 120 வோல்ட், வாங்கி ஏழு வருடம் ஆகிறது. பிளக்கில் கரண்ட் வருகிறது, போன் சார்ஜர் போட்டுப் பார்த்துவிட்டேன். நேற்று சாயங்காலத்திலிருந்து கொல்லைப்புறத்தில் அழுகின முட்டை வாடை. நாலு வயதுப் பையன் அங்கேதான் விளையாடுவான், அதனால் ரொம்பக் கவலையாக இருக்கிறது.

பராமரிப்புக்காரர் 10 நாள் கழித்துத்தான் வர முடியும், பம்பை முழுசாக மாற்ற 900 டாலர் ஆகும் என்கிறார். பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்குத் தோட்டத்து மோட்டார்களைப் பிரித்துப் பூட்டிப் பழக்கம். "காயில் போயிருக்கும், ரீவைண்டிங் பண்ணிக்கலாம்" என்கிறார். இங்கே ரீவைண்டிங் கடைக்கு எங்கே போவது? வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையா இது?

கொளத்தூர் மீன்காரர்:

தங்கச்சி, சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கிறேன். இதே ரக பம்ப் என் பண்ணையில் 11 ஓடுகிறது. அப்பாவிடம் சொல்லுங்கள், இது அவருக்குத் தெரிந்த மோட்டார் இல்லை. சுற்றுகிற பாகமே கிடையாது. பேரிங், எண்ணெய், கார்பன் பிரஷ் எதுவும் இருக்காது. நடுவில் காந்தம் பதித்த ஒரு தண்டு, இரண்டு பக்கமும் மின்காந்தக் காயில், தண்டின் இரு முனையிலும் ரப்பர் டயாஃப்ரம் (காற்றைத் தள்ளும் ரப்பர் சவ்வு), அவ்வளவுதான். ஏசி கரண்ட் திசை மாற மாற, தண்டு இடதும் வலதுமாக ஆடும். உங்கள் ஊரில் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை. ஒரு நாளைக்கு 51 லட்சம் தடவைக்கு மேல் அந்த ரப்பர் மடங்கி நிமிர்கிறது. முதலில் போவது அதுதான். காயில் போவது அபூர்வம்.

ரப்பர் கிழிந்தால் தண்டு ஒரு பக்கம் சாயும். சாய்ந்த தண்டு உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் பாகத்தை உடைக்கும், உடனே கரண்ட் அறுந்துவிடும். இந்த ரகத்தில் பாதுகாப்பு ஸ்விட்ச் அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் பம்பில் முனகல்கூட இல்லை என்பதால் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியைக் கழற்றுங்கள். இரண்டு முனையிலும் ரப்பரை விரலால் மடக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். மடக்காமல் பார்த்தால் விரிசல் தெரியாது. மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு காயிலையும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள். அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்து, கருகல் வாடையும் இல்லையென்றால் காயில் நல்லது.

சுண்ணாம்புமேடு:

அண்ணா, சொன்னபடியே பிரித்தோம். ஃபில்டர் பஞ்சு தூசி ஏறிக் கரித்துணி மாதிரி இருந்தது. பெட்டியின் ஒரு மூலையில் செவ்வெறும்பு மண் கட்டி வைத்திருந்தது. வலது பக்க டயாஃப்ரம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்பா அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். நடுத் தட்டைச் சுற்றி அரைவட்டமாக, நகக்கீறல் மாதிரி ஒரு கோடு வாயைத் திறந்தது. அடியில் அந்தப் பிளாஸ்டிக் ஸ்க்ரூ இரண்டு துண்டாகக் கிடந்தது. காயில் இரண்டும் ஒரே அளவு காட்டுகிறது.

புது டயாஃப்ரமும் மற்ற மாற்றுப் பாகங்களும் சேர்ந்த ரிப்பேர் கிட் ஆர்டர் போட்டுவிட்டேன், 95 டாலர். வர நாலு நாள் ஆகும்.

விழுப்புரம் வயர்மேன்:

நாலு நாள் நாற்றத்தோடு குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பீர்கள்? அந்த ஸ்விட்சுக்கு வரும் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றுங்கள். கிழிந்தது ஒரு பக்கம்தானே, இன்னொரு பக்கம் பாதிக் காற்றாவது தரும்.

கொளத்தூர் மீன்காரர்:

அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் அதை மட்டும் செய்ய வேண்டாம். நான் ஒரு தடவை அப்படிச் செய்து இழந்திருக்கிறேன். சாய்ந்த தண்டு காயிலின் இரும்பில் போய் இடிக்கும். காந்தத்தின் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும், காயில் சூடேறிக் கருகும். 95 டாலர் கிட்டோடு முடிகிற வேலை முழுப் பம்புக்குப் போய்விடும்.

தங்கச்சி, அதுவரை ஸ்பிரிங்க்ளரை நிறுத்திவிட முடியுமா? காற்றில்லாமல் சரியாகச் சுத்தமாகாத தண்ணீர் அது. பையன் புல்லில் கால் வைக்க வேண்டாம்.

கேட்டி கிணற்றடி:

ஹூஸ்டனுக்கு மேற்கே எங்களுக்கும் இதே சிஸ்டம், 12 வருடமாக நானே பார்த்துக்கொள்கிறேன். ஸ்பிரிங்க்ளரை நிறுத்தினால் கடைசித் தொட்டி நிரம்பும் என்பதை மறக்காதீர்கள். வாஷிங் மெஷினை நிறுத்துங்கள், குளியல் சுருக்கமாக இருக்கட்டும். மட்டம் ஏறிவிட்டால் லாரி வைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள், வழியவிடாதீர்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ரப்பர் ஏன் கிழிந்தது? வயதாகிக் கிழிந்திருக்கலாம். ஆனால் பம்ப் தள்ளும் காற்றுக்கு எதிராக வரும் அழுத்தம் கூடினாலும் கிழியும், அப்படியென்றால் புதுக் கிட்டும் ஆறு மாதத்தில் போகும். எனக்கு இரண்டு தடவை போன பிறகுதான் இது உறைத்தது.

கணக்கு சுலபம். ஒரு அடி ஆழத் தண்ணீரைத் தள்ள 0.43 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் வேண்டும். காற்றுக் குழாயின் முனை 4 அடி ஆழத்தில் இருந்தால் 1.7. குழாய் உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்தால் 2 பி.எஸ்.ஐ. பக்கம் வரும். இந்தப் பம்ப் அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டது. கடையில் 0 முதல் 5 வரை காட்டும் அழுத்தக் கேஜும் ஒரு T வடிவ இணைப்பும் வாங்கி, பம்புக்கும் பிவிசி குழாய்க்கும் நடுவே மாட்டிப் பாருங்கள். 3-க்கு மேல் போனால் டிஃப்யூசர், அதாவது தொட்டித் தண்ணீருக்குள் காற்றைக் குமிழியாகப் பிரித்து விடும் பாகம், அடைத்திருக்கிறது என்று பொருள்.

கொளத்தூர் மீன்காரர்:

இவர் சொல்வது ரொம்பச் சரி. என் தொட்டிகள் இரண்டரை அடிதான், அதனால் ரப்பர் நீடித்து உழைக்கிறது. ஏர் ஸ்டோன் (டிஃப்யூசராக வைக்கும் கல்) அடைத்த மாதத்தில் மட்டும் பம்ப் பெட்டி தொட முடியாத சூடாக இருக்கும்.

கிட் வந்ததும் மாட்டுவதற்கு ஒன்றிரண்டு விஷயம். ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தாலும் இரண்டு டயாஃப்ரத்தையும், வால்வு இருக்கும் அறைகளையும் சேர்த்தே மாற்றுங்கள். தண்டைக் கழற்றும் முன் எந்த முனை எந்தப் பக்கம் என்று மார்க்கரில் குறித்துக்கொள்ளுங்கள். நட்டை முடுக்கும்போது ரப்பர் கூடவே திரும்பும், அதை விடக்கூடாது. இடது கையால் ரப்பரை அசையாமல் பிடித்துக்கொண்டு முடுக்க வேண்டும். முறுக்கோடு உட்கார்ந்த ரப்பர் சீக்கிரம் கிழியும். மூடும் முன் காந்தத்துக்கும் இரும்புக்கும் இடையே உள்ள சந்து இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டி முடித்ததும் ஹோஸை மாட்டாமலே ஒரு நிமிடம் ஓட்டுங்கள். டொக் டொக் என்று தட்டல் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, மறுபடி நடுமையம் பாருங்கள். சீரான ரீங்காரம் வந்தால் சரி.

சுண்ணாம்புமேடு:

கிட் வந்தது, மாட்டிவிட்டோம். முதல் தடவை தட்டல் கேட்டது. அப்பா ஸ்க்ரூவைத் தளர்த்தி, தண்டைத் தலைமுடி அளவுக்கு நகர்த்தி மறுபடி முடுக்கினார். அப்புறம் ரீங்காரம்தான். கையை வைத்தால் காற்று சீராக வருகிறது.

ஆனால் கேட்டி அண்ணா சொன்ன கேஜை மாட்டினால் 3.8 காட்டுகிறது! அரை மணி நேரத்திலேயே பெட்டி நல்ல சூடு. உடனே நிறுத்திவிட்டேன். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் இதோடு விட்டிருப்பேன்.

கேட்டி கிணற்றடி:

நல்ல வேளை. டிஃப்யூசரை மேலே எடுக்க வேண்டும். கவனம், மூடியைத் திறந்ததும் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் தேங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்ச நேரத்தில் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும், வாடை போய்விட்டது என்று நினைத்து ஏமாறக்கூடாது. எது உள்ளே விழுந்தாலும் யாரும் இறங்க வேண்டாம். பையனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் திறங்கள். வேலை முடிந்ததும் மூடியின் ஸ்க்ரூ ஒன்றுவிடாமல் பூட்ட வேண்டும்.

உங்கள் பக்கம் கடினநீர், அதனால் டிஃப்யூசரில் சுண்ணாம்பு படிந்திருக்கும். ரப்பர் சவ்வு ரகமாக இருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். கல் ரகம் என்றால் வெள்ளை வினிகரில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். குளோரின் மாத்திரை வைத்திருக்கும் டப்பா பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். அமிலமும் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு வரும்.

இன்னொன்று. டெக்சஸில் முதல் 2 வருடம் பராமரிப்பு ஒப்பந்தம் கட்டாயம். அதற்குப் பிறகு வீட்டுக்காரரே பார்த்துக்கொள்வது கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) பொறுத்தது. உங்கள் கவுண்டியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புமேடு:

தாமதத்துக்கு மன்னிக்கவும். எங்களுடையது கல் ரகம், நாலு கல். மேலே எடுத்தபோது மூன்றில் வெள்ளைச் சுண்ணாம்பு ஓடாகப் படிந்து, அதன்மேல் கருப்பு வழவழப்பு. வினிகரில் போட்டதும் நுரைத்துக் கிளம்பியது. ஒன்று தேறவில்லை, அதைப் புதிதாக வாங்கினேன். மறுபடி இறக்கி ஓட்டினால் கேஜ் 2.1!

இன்றைக்கு ஒன்பதாவது நாள். முட்டை வாடை நாலைந்து நாளிலேயே போய்விட்டது. இப்போது இரண்டாவது தொட்டித் தண்ணீர் காப்பிப் பொடி நிறத்தில் புரள்கிறது, மழை பெய்த மண் வாடைதான் வருகிறது. ஸ்பிரிங்க்ளரையும் நேற்றுத் திறந்துவிட்டேன். கவுண்டியில் கேட்டேன், நாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

கேஜைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டேன். அப்பா காலையில் எழுந்ததும் அதைப் பார்த்து நாட்காட்டியில் எழுதி வைக்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, அண்ணா.

கொளத்தூர் மீன்காரர்:

மனசுக்கு நிறைவாக இருக்கிறது, தங்கச்சி. ஃபில்டர் பஞ்சை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அலசி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். பெட்டியைச் சுற்றி எறும்பு மருந்து போடுங்கள், ஆனால் காற்று இழுக்கும் துளை பக்கம் வேண்டாம். கேஜ் 2.5-ஐத் தொட்டால் மறுபடி கல்லை எடுக்கும் நேரம் வந்துவிட்டது.