டால்மேஷியனுக்குச் சிறுநீரில் யூரேட் படிகம்: சோற்றோடு எதைக் கொடுக்கலாம்?

கேள்வி (பெரம்பூர் வாசகி)
எங்கள் டால்மேஷியன் நாய்க்கு நான்கு வயது, ஆண். வேப்பமரத்தடியில் காலைத் தூக்கியபடி வெகுநேரம் நிற்கிறான். சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. சிறுநீர்ப் பரிசோதனையில் அமோனியம் யூரேட் படிகம் (யூரிக் அமிலத்திலிருந்து உருவாவது), பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 6 என்று வந்தது. எக்ஸ்ரேயில் கல் தெரியவில்லை. தினமும் கோழி ஈரலை வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சோறு பிசைந்து வைக்கிறோம். கடையில் சிறுநீர்க்கல்லுக்கான உணவு என்று ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். மாமியார் வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில் (கோவை, டால்மேஷியன் வளர்ப்பவர்)
சகோதரி, உணவு பிறகு. சொட்டுச் சொட்டாகப் போகிறது என்றால் குழாயில் கல் சிக்கியிருக்கலாம். இன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய், அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள். யூரேட் கல் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அடியோடு நின்றுபோய் வாந்தியும் எடுத்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

இது இந்த இனத்தின் பிறவிக் கோளாறு. மற்ற நாய்கள் யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் அலன்டாயினாக மாற்றி வெளியேற்றிவிடும். டால்மேஷியனுக்கு அந்த வசதி குறைவு. யூரிக் அமிலம், உணவில் உள்ள பியூரின் என்ற பொருளிலிருந்து வருகிறது. ஈரலில் பியூரின் மிக அதிகம். வேகவைக்கும்போது அதில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். எனவே ஈரலோடு அந்தத் தண்ணீரையும் நிறுத்துங்கள். எலும்புச் சூப், மத்தி, நெத்திலியும் கூடாது.

முட்டை, பனீர், சோறு, சுரைக்காய், பூசணி நல்லவை. கோழிக்கறி வேண்டுமென்றால் கொஞ்சமாக, வேகவைத்த நீரை வடித்துவிட்டு. உப்புச் சேர்க்க வேண்டாம்.

பதில் (கால்நடை மருத்துவர், திருச்சி)
பாக்கெட்டைத் திறக்கும் முன் எந்தக் கல்லுக்கானது என்று படித்துப் பாருங்கள். ஸ்ட்ரூவைட் என்ற வேறு வகைக் கல்லைக் கரைக்கும் உணவுகள் சிறுநீரை அமிலமாக்கும். யூரேட்டுக்கு அது நேர் எதிர். உங்கள் நாயின் பிஎச் ஏற்கெனவே 6, அதாவது அமிலம். சுமார் 7 அளவில் இருப்பதே நல்லது.

வாழைத்தண்டுச் சாற்றை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பியூரின் நிறைந்த உணவோடு அதைக் கொடுத்தால் சாந்தைன் என்ற வேறு வகைக் கல் உண்டாகலாம்.

கேள்வி (பெரம்பூர் வாசகி)
நன்றி டாக்டர், இப்போதே கிளம்புகிறோம். ஒரு சந்தேகம்: அவன் தண்ணீர் அதிகம் குடிக்கமாட்டான். என்ன செய்யலாம்?

பதில் (கால்நடை மருத்துவர், திருச்சி)
அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகு, சோற்றைக் கஞ்சிபோலக் கரைத்து வையுங்கள். தானாகக் குடிப்பதைவிட அதில் நிறைய நீர் உள்ளே போகும். இரவு படுக்கும் முன் ஒருமுறை வெளியே அழைத்துப் போங்கள். தேங்கி நிற்கும் சிறுநீரில்தான் படிகம் வளர்கிறது. சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீருக்கு 1.000) 1.020க்குக் கீழே இருக்க வேண்டும்.

உணவை மாற்றி ஒரு மாதம் ஆனதும் காலையின் முதல் சிறுநீரைப் பிடித்து அரைமணிக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் குளிரிலேயே படிகம் உருவாகி, இல்லாத நோயைக் காட்டிவிடும்.