முதலும் கடைசியும் சரியா இருந்தா போதுமாம்!

ஈரோட்டு மஞ்சள்: குடும்பக் குரூப்ல வந்தது, பகிர்றேன். "தழமிகத்தில் நாளை கமனழை பெய்யும்." தடங்கலில்லாமப் படிச்சிட்டீங்கதானே? சொல்லோட முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இடத்துல இருந்தா போதும். நடுவுல எப்படிக் கலைச்சாலும் மூளை முழுச் சொல்லா எடுத்துக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு.

ஒற்றுப்பிழை: 2003லேர்ந்து இந்தக் கேம்பிரிட்ஜ் செத்துச் செத்துப் பிழைக்குது. அப்படி ஒரு ஆய்வே அங்க நடக்கல. அந்த ஊர்லயே மூளையும் மொழியும் பத்தி ஆராயற மாட் டேவிஸ் அப்பவே விளக்கி எழுதிட்டார். எழுத்தைக் கலைச்சுப் பார்த்தவர் கிரஹாம் ராலின்சன். 1976ல, நாட்டிங்ஹாம்ல, முனைவர் பட்டத்துக்கு. அது கிடக்கட்டும். நகரம். நடுவுல ரெண்டு எழுத்தை மாத்துங்க. நரகம். முதலும் கடைசியும் அசையல. உங்க மூளை எதைப் படிச்சுது?

ஈரோட்டு மஞ்சள்: ஒரு சொல்லைப் பிடிச்சுத் தொங்காதீங்க சார். "மதுரை நரகம் விரிவடைகிறது"ன்னு போட்டா நான் நகரம்னுதான் படிப்பேன்.

டவுன்பஸ்: சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்க, ரெண்டும் சரியாத்தான் இருக்கும்.

ஒற்றுப்பிழை: அப்போ ஊகிக்கிறீங்க, படிக்கல. நீங்க போட்ட வாக்கியத்துலயே திருட்டுத்தனம் இருக்கு. நாளை, பெய்யும் ரெண்டையும் தொடவே இல்ல. தொட்ட ரெண்டுலயும் பக்கத்துப் பக்கத்து எழுத்தை மட்டும் மாத்திருக்கு. "எப்படிக் கலைச்சாலும்"னுதானே சொன்னீங்க? இந்தாங்க: மயிவனைதுமத்ருல். முதலும் கடைசியும் சரி. படிங்க.

டவுன்பஸ்: மயில்வாகனம்?

ஈரோட்டு மஞ்சள்: மருத்துவமனையில்! ரெண்டே நிமிஷம்.

ஒற்றுப்பிழை: ரெண்டு நிமிஷமா! அந்த வேகத்துல தினத்தாள் படிச்சா தீபாவளிச் செய்தி பொங்கலுக்குத்தான் முடியும். படிக்கும்போது கண் எப்படி நகருதுன்னு ஆராய்ஞ்ச கீத் ரேய்னர் குழு 2006ல ஆங்கிலத்துலயே அளந்தாச்சு. நிமிஷத்துக்கு 255 சொல் படிச்சவங்க, நடு எழுத்து மாறினா 227, கடைசி எழுத்துகள் மாறினா 189, தொடக்கம் மாறினா 163. வெலான், ஃப்ராஸ்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2007ல ஹீப்ருவும் ஆங்கிலமும் தெரிஞ்சவங்களை வச்சுப் பார்த்தாங்க. ஆங்கிலத்துல சமாளிச்ச அதே ஆளுங்க ஹீப்ருல திணறிட்டாங்க. அங்க வேர் மூணு மெய்யெழுத்துல நிக்குது, வரிசை மாறினா வேற வேர். ஆக மொழிக்கு மொழி மாறும். தமிழ்ல? நகரம், நரகம்.

வடமராட்சி: எழுத்திலயே நிக்கிறியள். காதாலயும் உப்பிடித்தான். 1970ல வாரன் எண்ட உளவியலாளர் ஒலிப்பதிவில ஒரு சொல்லின்ர ஒலியொண்டை வெட்டிப்போட்டு, அந்த இடத்தில இருமலை ஒட்டிக் கேக்க விட்டவர். 20 பேரில 19 பேர் ஒரு ஒலியும் விடுபடேல்லை எண்டு சொன்னவை. இருமல் எங்க வந்தது எண்டும் சரியாச் சொல்லத் தெரியேல்லை. இல்லாததை மூளை நிரப்புது எண்டால் மஞ்சள் சொல்றதிலயும் ஏதோ இருக்குத்தானே?

ஈரோட்டு மஞ்சள்: அப்படிச் சொல்லுங்க!

ஒற்றுப்பிழை: அங்க ஒரு ஒலி மறைஞ்சுது, வரிசை மாறல. காதுக்குச் சொல் ஒவ்வொரு ஒலியா வருது. "கத்"னு விழுந்ததும் கத்தி, கத்தை, கத்தரி எல்லாம் எழுந்து நிக்கும். அடுத்த ஒலி வர வர ஒவ்வொண்ணா உட்காரும். பேச்சை மூளை எப்படிப் புரிஞ்சுக்குதுன்னு ஆராயற மார்ஸ்லன்-வில்சன் சொன்னது. இதுக்கும் நரகத்துக்கும் சம்பந்தமில்ல.

வடமராட்சி: சம்பந்தம் இல்லையெண்டால் ஏன் இவ்வளவு நீளமா எழுதினனீங்கள்?

குறிஞ்சி: முதல்ல "எழுத்து"ன்னா எதுன்னு முடிவு பண்ணுங்க. கவலை, கலவை. உயிர்மெய்யை ஒரே எழுத்தா எண்ணினா கடைசி எழுத்து மாறிடுச்சு. ல்+ஐ, வ்+ஐன்னு ஒலியாப் பிரிச்சு எண்ணினா மாறல, ரெண்டுலயும் கடைசி ஐதான். இது தெரியாம எதை வச்சு வாதாடறீங்க?

ஒற்றுப்பிழை: நகரத்துல அந்தக் குழப்பமே இல்லையேம்மா. அதனாலதான் அதைக் கொடுத்தேன்.

குறிஞ்சி: நான் "அம்மா" இல்ல. கேட்டதுக்குப் பதிலும் இல்ல.

ஈரோட்டு மஞ்சள்: அவர் யாருக்குப் பதில் சொல்லிருக்கார்? புரூஃப் பார்க்கிறவருக்கு ஊரெல்லாம் பிழையாத்தான் தெரியும். போன பொங்கல் மலர் அட்டையில "வாழ்த்துக்கள்"னு வந்ததே, அப்போ அந்தக் கண்ணு எங்க போச்சு?

ஒற்றுப்பிழை: அட்டை என் கைக்கு வரவே இல்லை. உள்ள இருக்கிற 64 பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். பத்து தடவை சொல்லிட்டேன்.

டவுன்பஸ்: ஒரு நிமிஷம், "வாழ்த்துக்கள்" எப்போ தப்பாச்சு? எங்க தமிழய்யா அப்படித்தான் எழுதுவார்.

குறிஞ்சி: க் வராது. எழுத்துகள், வாழ்த்துகள்.

டவுன்பஸ்: அப்போ பூக்கள், பசுக்கள்?

ஒற்றுப்பிழை: அது வேற விதி. தனி இழை போடுங்க, வந்து சொல்றேன். மஞ்சள், நீங்க இன்னும் பதில் சொல்லல. ந-ர-க-ம். என்ன படிச்சீங்க?

ஈரோட்டு மஞ்சள்: நகரம்.

ஒற்றுப்பிழை: பொய்.

டவுன்பஸ்: வாழ்த்துக்கள் இழை போட்டாச்சு, எல்லாரும் அங்க வாங்க. மலர் அட்டைப் படத்தையும் ஏத்திருக்கேன்.

ஒற்றுப்பிழை: அந்தப் படத்தை எடுங்க முதல்ல. அட்டை நான் பார்க்கலைன்னு சொல்லிட்டே இருக்கேன்ல?