மெட்டபாலிக் சிண்ட்ரோமுக்குச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

அன்பர்களுக்கு வணக்கம். நோயாளிகளுக்கான நாலு பக்கக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 'வளர்சிதைமாற்ற நோய்க்குறித்தொகுப்பு' அட்டையில் அடங்கவில்லை. பொருள் இது: ஐந்தில் எவையேனும் மூன்று இருத்தல். இடுப்புச் சுற்றளவு (தெற்காசியருக்கு) ஆண் 90, பெண் 80 செ.மீ. அல்லது மேல்; டிரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) 150 மி.கி./டெ.லி. அல்லது மேல்; எச்.டி.எல். ('நல்ல' கொழுப்பு) ஆண் 40க்கும் பெண் 50க்கும் கீழ், அதே அலகில். இரத்த அழுத்தம் 130/85, இரண்டில் ஓர் எண் எட்டினாலே போதும். வெறும்வயிற்றுச் சர்க்கரை 100 மி.கி./டெ.லி. அல்லது மேல். மருந்தால் எண் இறங்கியிருந்தாலும் கணக்கில் சேரும்.

*

கிரேக்கத்தில் சின் என்றால் உடன், துரோமோஸ் என்றால் ஓட்டம். ஆகவே 'உடனோட்டம்'. பழஞ்சொல்லே வேண்டுமானால் 'உடன்போக்கு' இருக்கவே இருக்கிறது.

*

புலவர் ஐயா, உடன்போக்கு என்று அச்சிட்டால் செவிலித்தாய் பாலை வழியே தேடிக்கொண்டு வந்துவிடுவாள்!

என் மறுப்பு 'நோய்க்குறி' மேல்தான். தொப்பை கண்ணுக்குத் தெரியும். மற்ற நான்கும் அளந்தால்தான் தெரியும். குறி என்று எழுதினால், "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்று கையேட்டை மடித்துவிடுவார்கள். நீரிழிவு, மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டும் காரணிகளின் சேர்க்கை இது. 'இடர்க்கூட்டு' எனலாமே?

*

இலங்கைப் பாடநூல்களில் மெட்டபாலிசம் 'அனுசேபம்'. அனுசேப இடர்க்கூட்டு என்றால் சுருக்கம்.

*

அனுசேபம் வடசொல், ஐயா. ஏற்பதற்கில்லை.

*

வளர்சிதை மட்டும் என்னவாம்? வினைத்தொகையாகப் படித்தால் வளர்கின்ற சிதை. பிணஞ்சுடும் அடுக்கு வளர்கிறதாம்! உம்மைத்தொகை என்று யார் போய் நோயாளிக்குச் சொல்வது?

*

மூலகாரணத்தைப் பாருங்கள். குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பிலிருந்து கொழுப்பமிலம் கல்லீரலுக்குப் போகிறது. இன்சுலின் தடுத்தும் அடங்காமல் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது, டிரைகிளிசரைடும் ஏறுகிறது, எச்.டி.எல். இறங்குகிறது. 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்றதும் இந்த இன்சுலின் எதிர்ப்பை வைத்துத்தான். அதையே பெயராக்கலாம்.

*

அந்த ஐந்தில் இன்சுலின் அளவே இல்லையே. பெயரைப் பார்த்துவிட்டு ஆய்வகத்தில் இன்சுலின் சோதனை கேட்பார்கள், வீண் செலவு.

*

சரி, 'வளர்சிதை இடர்க்கூட்டு'. அடைப்புக்குள் மெட்டபாலிக் சிண்ட்ரோம். மருத்துவர் வாயில் வருவது அதுதானே. ஐவர் இசைவு, புலவர் ஐயா மட்டும் உடனோட்டத்தில் நிற்கிறார்.

*

நிற்கிறேன். 'இடுப்பு' என்பதையும் மாற்றுங்கள். அளக்க வேண்டியது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின். இடுப்பு என்றால் வேட்டி கட்டும் இடத்தில், தொப்பைக்குக் கீழே, நாடாவைச் சுற்றிவிட்டு 86 என்று எழுதிக்கொண்டு போவார்கள்.