100 எம்பிபிஎஸ் இணையம் இருந்தும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஏன் லேக்?

மதுரைக்காரன் 07:
வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர், பதிவேற்றம் 20. கவுன்டர் ஸ்டிரைக் 2 விளையாடுகிறேன், சென்னை சர்வர். பகலில் பிங் 14, 15 மில்லி நொடி என்று அசையாமல் நிற்கும். ராத்திரி எட்டரைக்கு மேல் 250, 300, சில சமயம் 400. சுட்டவனும் நான், செத்தவனும் நான். இது போதாதென்று வாரத்தில் இரண்டு மூன்று முறை இணைப்பே அறுந்துவிடுகிறது. பாதியில் விட்டு ஓடியவன் என்று கணக்காகி, முதலில் 30 நிமிடம், அப்புறம் 2 மணி நேரம், இப்போது 24 மணி நேரத் தடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவிடம் பேசிவிட்டேன். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுவது, இல்லையென்றால் 14,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் ரவுட்டர். இரண்டில் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். எதைக் கேட்கட்டும்?

தீப்பொறி தீனா:
யோசிக்கவே வேண்டாம் ப்ரோ, முதலில் 300. எனக்கும் இதே கதைதான். போன வருஷம் 300க்கு மாறி ரவுட்டரையும் மாற்றினேன், அன்றோடு லேக் போச்சு. சாயங்காலம் தெரு முழுக்கப் படம் பார்க்கிறது, 100 எப்படித் தாங்கும்? ஆட்டத்தை வேறு பாதையில் திருப்பி அனுப்பும் ஒரு கேமிங் விபிஎன்னும் போட்டுக்கொண்டால் கவலையே இல்லை.

பழைய மோடம்:
இரண்டையும் வாங்காதீர்கள் தம்பி, இப்போதைக்கு.

நெட்வொர்க் வேலையில் இருக்கிறேன். எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எவ்வளவு சரக்கு போகும் என்ற கணக்கு. பிங் என்பது ஒரு தரவுப் பொட்டலம் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்ற கணக்கு. உங்கள் சர்வர் நொடிக்கு 64 முறை, அதாவது 15.6 மில்லி நொடிக்கு ஒருமுறை கணக்குப் போடுகிறது. போய்வருவதெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஓரிரண்டு எம்பிபிஎஸ் தாராளமாகப் போதும். 100ஐ 300 ஆக்கினால் படம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.

எட்டரை மணி என்று துல்லியமாகச் சொல்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. அந்த நேரத்தில் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள்?

தீப்பொறி தீனா:
அப்படியென்றால் என் வீட்டில் எப்படிச் சரியானது? பிரமையா?

பழைய மோடம்:
பிரமை என்று சொல்லவில்லை. திட்டம், ரவுட்டர் தவிர அன்றைக்கு வேறென்ன மாற்றினீர்கள்?

தீப்பொறி தீனா:
ரவுட்டரை ஹாலிலிருந்து என் அறைக்குக் கொண்டுவந்தேன். லேன் வயர் இழுத்தேன். அதெல்லாம் ஒரு விஷயமா?

நள்ளிரவு நரி:
தீனா, உங்கள் லேக் போனதே அந்த 150 ரூபாய் வயரால்தான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

பழைய மோடம்:
நரி, அப்படி அடித்துச் சொல்ல முடியாது. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. 300 உதவியும் இருக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் காரணம் வேறு.

ரேஷன் கடையில் அரைக் கிலோ சர்க்கரைக்கு நிற்கிறீர்கள். முன்னால் நிற்பவர் தெருவில் எல்லோருடைய கார்டையும் கொண்டுவந்து மூட்டை மூட்டையாக வாங்குகிறார். கடைக்காரர் எவ்வளவு வேகமாக அளந்தாலும் உங்கள் முறை வரக் காத்திருக்க வேண்டியதுதான். ரவுட்டரில் நடப்பது அதேதான். யாராவது பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது ரவுட்டர் அந்தப் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் வரிசையில் அடுக்கி வைக்கிறது. உங்கள் சின்னப் பொட்டலம் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. மதுரைத் தம்பி, உங்களுக்குப் பதிவேற்றம் 20 எம்பிபிஎஸ். 750 கிலோபைட் வரிசை சேர்ந்தால் அது 6 மெகாபிட், கரைய 0.3 நொடி. அப்படியே 300 மில்லி நொடி. நீங்கள் சொன்ன எண் பொருந்துகிறதா இல்லையா? தீனாவின் 300இல் பதிவேற்றமும் கூடியிருந்தால் வரிசை சீக்கிரம் கரைந்திருக்கும், உதவியிருந்தால் அதனால்தான்.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போதெல்லாம் இணையம் படுத்துவிடுகிறதே என்று 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் துருவிப் போய்க் கண்டு வைத்த பெயர். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் எஃப்க்யூ கோடெல். கார்டு மூட்டைக்காரருக்கு ஒரு வரிசை, சர்க்கரைக்காரருக்கு ஒரு வரிசை. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட பழைய ரவுட்டரிலேயே இது ஓடும். அதற்கு 14,000 தேவையில்லை.

சரி தம்பி, இன்று ராத்திரி இதைச் செய்யுங்கள். கட்டளைத் திரையை இரண்டு திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கு (192.168.1.1), இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8க்கு பிங்கை ஓட விடுங்கள். முதலாவது எகிறினால் கோளாறு வைஃபையில். முதலாவது சாதுவாக இருந்து இரண்டாவது மட்டும் எகிறினால் கோளாறு ரவுட்டரைத் தாண்டி வெளியே போகும் வழியில், அந்த வரிசையும் அங்கேதான் சேரும். வயர் போட்டு ஒருமுறை, வைஃபையில் ஒருமுறை.

கம்பமேறி:
நான் ஐந்து வருஷம் ஒரு சின்ன நெட்காரரிடம் வேலை பார்த்தவன், கம்பத்தில் ஏறி ஃபைபர் ஒட்டுகிற வேலை. மோடம் அண்ணன் லேக்கையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். இணைப்பு அறுவது வேறு நோய். இரண்டையும் குழப்பினால் மருந்து கிடைக்காது.

தம்பி, இணைப்பு போகும்போது எழுந்து போய்ப் பெட்டியைப் பாருங்கள். லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். அணில் கடித்திருக்கலாம், ஜன்னல் ஓரத்தில் வயர் நறுக்கென்று மடங்கியிருக்கலாம், முனையில் தூசி இருக்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவு டிபிஎம் கணக்கில் காட்டும். மைனஸ் 27க்குக் கீழே போனால் ஆபத்து, நல்ல இணைப்பு மைனஸ் 20ஐ ஒட்டி இருக்கும். எல்லா விளக்கும் அணைந்து திரும்ப எரிந்தால் அது ஃபைபர் கோளாறே இல்லை. பெட்டிக்குக் கரண்ட் போய் வந்திருக்கிறது.

தீப்பொறி தீனா:
எல்லோரும் சேர்ந்து நெட்காரரைக் காப்பாற்றுகிறீர்கள். பொட்டலம் போகும் வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் எவ்வளவு இழப்பு என்று காட்டும் வின்எம்டிஆரை நேற்று ராத்திரி என் வீட்டிலிருந்து ஓட்டினேன். நாலாவது நிலையத்தில் 60 சதவீதம் இழப்பு! இதற்கு வீட்டுப் பதிவேற்றமும் அணிலும் காரணமா?

பழைய மோடம்:
ஐந்தாவது நிலையத்தில் எவ்வளவு? பூஜ்யம் என்றால் நாலாவதின் 60க்கு மதிப்பே இல்லை. அந்த ரவுட்டர் உங்கள் பொட்டலத்தை ஒழுங்காகக் கடத்திவிடுகிறது, ‘இருக்கிறாயா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதை மட்டும் குறைத்துக்கொள்கிறது. இழப்பு ஓரிடத்தில் தொடங்கிக் கடைசி வரி வரை தொடர்ந்தால்தான் அது இழப்பு. புகார் கொடுக்கும் பாதிப்பேர் இந்தத் திரையை எடுத்துக்கொண்டு போய்த்தான் அசிங்கப்படுகிறார்கள்.

தீப்பொறி தீனா:
அசிங்கப்படத் தயாராக இல்லை. கடைசி வரியையும் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு 0. ராத்திரி ஒன்பதிலிருந்து பத்து வரை 3 சதவீதம். மூன்று நாள் தொடர்ந்து அதேதான். லேன் வயரில். வீட்டில் வேறு யாரும் இல்லை, நான் தனிக்கட்டை.

பழைய மோடம்:
அப்படியென்றால் நீங்கள் சொல்வது சரி, நான் பின்வாங்குகிறேன். அது உண்மையான இழப்பு. 64இல் 3 சதவீதம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு பொட்டலம் காணாமல் போகிறது. தலையில் சுட்டும் சாகாதது அதனால்தான்.

கம்பமேறி:
உள்ளே இருந்தவன் சொல்கிறேன், தீனா சொல்வது நடக்கிற விஷயம்தான். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் ஒரே இழையை 32 வீடோ 64 வீடோ பங்கு போட்டுக்கொள்ளும். கீழ்நோக்கி மொத்தம் 2.488 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி 1.244. அங்கே அடைப்பது குறைவு. சின்ன நெட்காரர் மேலே பெரிய நிறுவனத்திடம் வாங்கும் லைன்தான் பெரும்பாலும் அடைக்கும். வாடிக்கையாளர் ஆயிரம் ஆன பிறகும் ஐந்நூறு பேருக்கு வாங்கியதையே வைத்து ஓட்டுவார்.

நள்ளிரவு நரி:
ஒரு சின்னச் சந்தேகம். தீனா, உங்கள் திட்டம் 300 எம்பிபிஎஸ்தானே? அன்றோடு போன லேக் திரும்ப எப்படி வந்தது?

தீப்பொறி தீனா:
...

அடுத்த கேள்வி.

நள்ளிரவு நரி:
விபிஎன் விஷயத்தில் மட்டும் நான் தீனா கட்சி. நான் விளையாடுவது வேறு ஆட்டம், நண்பர்களோடு சிங்கப்பூர் சர்வரில். சாதாரணமாகப் பிங் 110. விபிஎன் போட்டால் 62. விபிஎன் ஏமாற்று என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பழைய மோடம்:
ஏமாற்று இல்லை. உங்கள் நெட்காரர் சிங்கப்பூருக்குப் பொட்டலத்தைச் சுற்றுவழியில் அனுப்புகிறார், விபிஎன் நேர்வழியைக் காட்டுகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். ஃபைபருக்குள் வெளிச்சம் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்வர 29 மில்லி நொடி. அதற்குக் கீழே எந்த விபிஎன்னும் இறக்க முடியாது. உங்களுக்கு 110 என்றால் நடுவில் நிறைய ஊர் சுற்றியிருக்கிறது.

ஆனால் மதுரைத் தம்பிக்கு இது பொருந்தாது. அவருக்குப் பகலில் 14, பாதை ஒழுங்காகத்தான் இருக்கிறது. தவிர அந்த ஆட்டத்தின் போக்குவரத்தை அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் ஏற்கெனவே தன் சொந்த ரிலே வலை வழியாகத்தான் அனுப்புகிறது. அதன் மேல் காசு கொடுத்து இன்னொரு ரிலே எதற்கு?

தீப்பொறி தீனா:
அந்த ரிலே வரைக்கும் போகிற பாதையில் அடைப்பு இருந்தால்?

பழைய மோடம்:
இருந்தால் உதவலாம். ஒரு வாரம் இலவசமாகத் தருகிறார்களா என்று பாருங்கள். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டு வந்து அளக்காதீர்கள்.

மதுரைக்காரன் 07:
அண்ணா, நாலு நாளாக அளந்தேன். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு எழுதியதில்லை.

முதலில் வைஃபை. ரவுட்டருக்கே பிங் 3லிருந்து 180 வரை குதிக்கிறது. கணினி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒட்டியிருக்கிறது, நடுவில் இரண்டு சுவர். பக்கத்து வீட்டில் வயர் கடன் வாங்கிப் போட்டதும் 1 என்று நின்றுவிட்டது.

ஆனால் வயரிலும் எட்டே முக்காலுக்கு வெளிப்பக்கப் பிங் 320. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று பார்த்தேன். அம்மா போன்! சாப்பிட்டு முடித்து எட்டரைக்குச் சார்ஜ் போடுவார்கள். சார்ஜ் ஏறும்போது மட்டும் படம், வீடியோ எல்லாவற்றையும் மேலே ஏற்று என்று அமைப்பு இருக்கிறது. அதை வைத்துக் கொடுத்ததும் நான்தான். சித்தி மகள் கல்யாணத்துக்குப் போய்வந்ததிலிருந்து 40 ஜிபி காத்துக்கிடக்கிறது. ரவுட்டரில் அம்மா போனுக்குப் பதிவேற்றம் 5 எம்பிபிஎஸ் என்று கட்டுப்பாடு போட்டேன். இப்போது 14இலிருந்து 20.

கம்பமேறி அண்ணா, எல்லா விளக்கும் அணைந்துதான் எரிகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில். மின்விசிறி நிற்பதில்லை, கணினியும் நிற்பதில்லை, ரவுட்டர் மட்டும் செத்துப் பிழைக்கிறது.

கம்பமேறி:
அடாப்டர். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் ஓடியதென்றால் உள்ளே கெப்பாசிட்டர் வீங்கியிருக்கும், ஒரு கண் சிமிட்டும் நேரத்தைக்கூடத் தாங்காது. பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர். பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டர் கிடைத்தது என்று எதையாவது சொருகாதீர்கள். அப்பாவிடம் பேரம் பேச முடிந்தால் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று, 14,000இல் பத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

ரேடார் மாமா:
எல்லா விளக்கும் எரிந்துகொண்டே இருந்து வைஃபை மட்டும் ஒரு நிமிஷம் காணாமல் போகிறவர்களுக்காக ஒன்று. 5 கிகாஹெர்ட்ஸில் 52இலிருந்து 144 வரை உள்ள சேனல்கள் ரேடாரோடு பங்கு போட்டுக்கொள்பவை. ரேடார் சத்தம் கேட்டதாக ரவுட்டர் நினைத்தால் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. பக்கத்தில் ரேடாரே இல்லாமலும் அப்படி நினைத்துக்கொள்ளும். 36 அல்லது 149இல் நிறுத்தி வையுங்கள். எனக்கு இது தெரிய எட்டு மாதம் ஆனது. அதுவரை வீட்டு மைக்ரோவேவைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது கெடுப்பது 2.4ஐ மட்டும்தான்.

தீப்பொறி தீனா:
மதுரை, எப்படியும் 300க்கு மாறிவிடு. அம்மா போனைக் கட்டிப்போட்டு விளையாடுவது ஒரு பிழைப்பா?

பழைய மோடம்:
அதைச் சொல்வது ராத்திரி 3 சதவீதம் இழக்கும் 300காரர்.

தீப்பொறி தீனா:
புகார் கொடுத்தாயிற்று, காலை அளவு, ராத்திரி அளவு, மூன்று நாள் கணக்கு எல்லாம் போட்டு. பதில் வந்தது: ‘ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள் சார்.’

மதுரைக்காரன் 07:
அடாப்டர் மாற்றியாயிற்று, 280 ரூபாய். நேற்று மூன்று முறை கரண்ட் போனது, ரவுட்டர் அசையவில்லை. ஆனால் ஒன்று, மிச்சப் பணத்தில் அம்மாவுக்கு அதிக இடமுள்ள போன் வாங்கலாம் என்று அப்பா சொல்கிறார். இன்னும் நிறைய வீடியோ எடுப்பார்களே என்றுதான் பயமாக இருக்கிறது.

தடை இன்று முடிகிறது. 10 மணிக்கு ஒரு ஆள் குறைகிறது, யாராவது வருகிறீர்களா? தீனா அண்ணா தவிர.