டர்போ போடப்போகும் பழைய 1.3 இஞ்சின்: கம்ப்ரஷன் 8.0ஆ, 8.8ஆ, இருக்கிறபடியே விடலாமா?

பொருநைக்காரன்:
மாருதி எஸ்டீம் கார், ஜி13பிபி இஞ்சின், 16 வால்வு. போர் 74, ஸ்ட்ரோக் 75.5. சின்ன டர்போ, முன்னால இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர்விக்கிறது), அரை பார் பூஸ்ட் (டர்போ கூடுதலா ஏத்துற காத்தழுத்தம்). அதுக்கு மேல ஆசையில்ல. போர்ஜ்டு (அடிச்சு உருவாக்கின) பிஸ்டன் ஆர்டர் கொடுக்கணும். டர்போ போட்டா நாக்கிங் (கலவை தானா வெடிக்கிறது) வராம இருக்க, கம்ப்ரஷன் ரேஷியோவை (கலவையை எத்தனை மடங்கு நெருக்குதுங்கிற அளவு) குறைச்சு 8.0 போடுங்காவ பட்டறையில. இன்னொருத்தர், ரெண்டு ஹெட் காஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல வைக்கிற தகடு) வச்சா போதும், பழைய பிஸ்டனே ஓடும்ங்கார். தினமும் நெல்லை டவுன்–பாளை, மாசம் ரெண்டு தடவை நாகர்கோவில். பங்க்ல கிடைக்கிற சாதா பெட்ரோல்தான்.

பேட்டை லேத்:
ரெண்டு காஸ்கெட் பேச்சை விட்டுருங்க அண்ணாச்சி. பிஸ்டன் மேலே வரும்போது அதன் ஓரத் தட்டைக்கும் ஹெட்டுக்கும் நடுவுல 0.8லேர்ந்து 1 மி.மீ. இருந்தாத்தான் கலவை நடுவுக்குப் பிதுங்கிச் சுழலும், சீக்கிரம் எரியும். அதை 2 மி.மீ. ஆக்கினா ரேஷியோ குறையும், ஆனா ஓரத்துல நிக்கிற கலவை கடைசியா வெடிச்சு நாக்கிங் வரும். எதுக்காகக் குறைச்சோமோ அதுவே கெட்டுப்போகும்.

கணக்கு இது. ஒரு சிலிண்டர் 324.7 சிசி. உதாரணத்துக்கு, பிஸ்டன் மேலே நிக்கும்போது மிச்சமிருக்கிற இடம் சிசியில: ஹெட் அறை 32, காஸ்கெட் (75 விட்டம், அமுங்கின பிறகு 0.9) 4.0, டெக் (பிளாக்கோட மேல்தளம்) இடைவெளி 0.1 மி.மீ.க்கு 0.4, பிஸ்டன் குழி 1.8. கூட்டினா 38.2. 324.7ஐ இதோட கூட்டி, இதாலேயே வகுத்தா ரேஷியோ 9.5. இதை 8.8 ஆக்க 41.6 வேணும், அந்த 3.4 சிசியையும் பிஸ்டன் குழியிலேயே எடுங்க, ஓரத் தட்டையைத் தொடாம.

என் எண்ணை நம்பாதீங்க, அளங்க. ஹெட்டைக் கவுத்து மட்டமா வச்சு, வால்வு, பிளக் மாட்டி, ஓரத்துல கிரீஸ் தடவி, துளை போட்ட அக்ரிலிக் தகடை ஒட்டி ப்யூரெட்டால (அளவுக் குழாய்) நிரப்பணும். பிஸ்டன் குழிக்கு, டெக்கிலேர்ந்து சரியா 10 மி.மீ. இறக்கி நிரப்பி, 43.0 கழிச்சா மிச்சம் குழி.

அகஸ்தியமலை:
8.0 என்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். வெப்ப இயக்கவியல் ஏட்டுக் கணக்கில் 9.5இலிருந்து 8.0க்கு இறங்கினால் ஏறத்தாழ 5 சதவீதத் திறன் போகும். வண்ணார்பேட்டை நெரிசலில் பூஸ்ட் வருவதற்குள் கிளட்சை விட வேண்டியிருக்கும். வண்டி சோம்பலாகத்தான் இருக்கும். இன்றைய 1.0 டிஎஸ்ஐ 10.5இல் ஓடுகிறதே என்றும் பார்க்க வேண்டாம். அதில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் தெளித்துக் குளிர்விக்கிறது.

நான் 8.8 என்பேன். மே மாதம் வெளியே 40 டிகிரி. அரை பாருக்கு அழுத்தினால் டர்போ வாயில் காற்று 97 அளவில் வரும். 70 சதவீதம் வேலை செய்யும் இன்டர்கூலருக்குப் பின் 57. காற்றை பானட்டுக்குள்ளிருந்து எடுத்தால் இந்தக் கணக்கே கிடையாது. நாகர்கோவில் சாலையில் காவல்கிணறு தாண்டி, முப்பந்தலில் ஆடிக் காற்று எதிர்த்து அடிக்கும்போது டர்போ விட்டுவிட்டு வேலை செய்யாது, நிமிடக்கணக்கில் பூஸ்டிலேயே நிற்கும். ரேஷியோவை அந்தச் சாலைக்குத் தேர்ந்தெடுங்கள்.

இக்னிஷனை, பூஸ்ட் ஏறும் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் (அழுத்த அலகு) ஒரு டிகிரி பின்தள்ளித் தொடங்குங்கள். பூஸ்டில் லாம்டா (சரிவிகிதத்தோடு ஒப்பிட்ட காற்றின் அளவு) 0.80. இப்போது வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்ற அதன் சரிவிகிதம் 14.7 அல்ல, சுமார் 13.5. பழைய மேப்போடு (இஞ்சின் கணினியில் உள்ள எரிபொருள் அட்டவணை) ஓட்டினால் கலவை மெலிந்துவிடும். ஆக்டேன் கூடியிருக்கிறதே என்ற நிம்மதி அங்கே உதவாது.

கல்லிடைப் பிஸ்டன்:
ரேஷியோவைப் பத்தி இவ்வளவு பேசுதோம், பாதிப் பிஸ்டன் உடையுறது ரிங் கேப்பால (ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல விடுற இடைவெளி). சூட்டுல ரிங் நீண்டு ரெண்டு முனையும் முட்டினா, மேல் ரிங்குக்குக் கீழ இருக்கிற லேண்ட் (ரெண்டு ரிங் பள்ளத்துக்கும் நடுவுல உள்ள வரம்பு) அப்படியே பேந்துரும். 74 போருக்கு மேல் ரிங் 0.33–0.37, ரெண்டாவது 0.41 மி.மீ. வைங்க, பிஸ்டன்கூட வர்ற தாள்ல வேற இருந்தா அதுதான் சரி. ஆர்சியில சேர்க்க வேண்டியதையும் ஆர்டிஓல முதல்லயே கேட்டுக்கங்க.

பொருநைக்காரன்:
8.8தான். ஆனா சிலிண்டர் தேஞ்சிருக்கு, 0.5 போரிங் வேணும்ங்காவ. ஹெட்டையும் லேசா சீவணுமாம்.

பேட்டை லேத்:
அப்ப கணக்கு மாறும். 74.5 போருக்கு சிலிண்டர் 329.1, 8.8க்கு மொத்தம் 42.2, குழி 5.8. இது ஹெட் 32ன்னு வச்சு. சீவினா அறை சுருங்கும், அதனால முதல்ல சீவி, அப்புறம் அளந்து, அந்த எண்ணை வச்சு ஆர்டர் கொடுங்க. குழி அளக்கும்போதும் 43.0க்குப் பதிலா 43.6 கழிக்கணும். போரிங்கை மட்டும் பிஸ்டன் கைக்கு வந்தப்புறம் முடிங்க. ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டர்ல அளந்து, கடைசி ஹோனிங்கை (சிலிண்டர் சுவரைத் தேய்ச்சு அளவுக்குக் கொண்டுவர்றது) அதுக்குத் தகுந்தபடி விடணும். போர்ஜ்டு பிஸ்டன் சூட்டுல கூடுதலா விரியும், பழைய காஸ்ட் பிஸ்டன் கிளியரன்ஸ் விட்டா பிடிச்சுக்கும்.