கழித்த தேய்வா, கழிந்த தேய்வா?

அன்பின் நண்பர்களுக்கு,

அமெரிக்க வரிச் சட்டத்தில் வாடகை வீடுகள் தொடர்பாக வரும் ‘டெப்ரீசியேஷன் ரீகாப்சர்’ என்ற தொடருக்கு நம் கலைச்சொற்றொகுதியில் முன்மொழியப்பட்ட ‘தேய்மான மீட்பு’ என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மீட்பு என்றதும் அடகு வைத்த நகையை மீட்பதுதான் நமக்கு நினைவுக்கு வரும். அங்கே பொருள் உரியவரின் கைக்குத் திரும்புகிறது. இங்கு நிகழ்வது நேர்மாறானது. கட்டடம் ஆண்டுதோறும் பெறுமதியில் தேய்வதாகக் கொண்டு முன்பு வாடகை வருமானத்திலிருந்து கழிந்த தொகை, வீட்டை விற்கும்போது நயத்தோடு (விற்பனை இலாபத்தோடு) சேர்ந்து வரிக்கு உட்படுகிறது. ‘மீளறவீடு’ (திரும்ப அறவிடுதல்) என்றால், கழித்த தொகை முழுவதையும் அரசு வாங்கிக்கொள்கிறது என்ற பொருள் வந்துவிடும். உண்மையில் அத்தொகைமீது உச்சமாக 25 வீத வரியே விழுகிறது. எனவே ‘தேய்வு மீள்சேர்ப்பு’ என்பதை முன்வைக்கிறேன். நம் பாடநூல்களின் ‘பெறுமானத்தேய்வு’க்கும் தமிழ்நாட்டின் ‘தேய்மானத்துக்கும்’ பொதுவாக நிற்பது ‘தேய்வு’ என்பதால் அதைத் தெரிவு செய்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் வசிக்கும், அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய ஒரு பெரியவருக்கு இந்த வரிக் கணக்கை விளக்க முயன்றபோதுதான் இச்சொல்லின் தேவையை உணர்ந்தேன். இலங்கையில் தனிநபரின் வாடகை வருமானத்தில் திருத்தம், பராமரிப்பு, தேய்வு ஆகியவற்றுக்கென 25 வீதம் ஒரேயடியாக நிவாரணமாகக் கிடைப்பதால், ஆண்டுதோறும் தேய்வைக் கணித்து விற்பனையின்போது அதற்குக் கணக்குச் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை.

அமெரிக்காவில், 1986க்குப் பின்னர் வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்புக் கட்டடத்தின் கிரயம் (வாங்கிய விலை) நேர்கோட்டு முறையில், அதாவது ஆண்டுக்குச் சம அளவாக, 27.5 ஆண்டுகளில் கழிகிறது. காணிக்குத் தேய்வு இல்லை. (அமெரிக்கக் குடியுரிமையாளர் ஒருவர் கொழும்பிலுள்ள வீட்டை 2018இலோ அதன் பின்னரோ வாடகைக்கு விட்டிருந்தால் 30 ஆண்டுகள், அதற்கு முன்னர் விட்டிருந்தால் 40.) ஒருவர் 2,20,000 டொலருக்கு வீடு வாங்கினார் என்றும், அதில் காணியின் பங்கு 55,000 என்றும் கொள்வோம். எஞ்சிய 1,65,000 டொலரில் ஆண்டுக்கு 6,000 கழியும். 20 ஆண்டுகளில் 1,20,000 கழிந்து, காணியையும் சேர்த்துச் சீராக்கிய கிரயம் (தேய்வு போக எஞ்சிய கிரயம்) 1,00,000 ஆகிவிடும். 4,00,000 டொலருக்கு விற்றால் நயம் 3,00,000. அதில் 1,20,000 மீள்சேர்ப்பு, மீதி 1,80,000 நீண்டகால மூலதன நயம்.

அந்தப் பெரியவரைப் போலச் சிலர் தேய்வை ஓர் ஆண்டிலும் கோரியிருக்க மாட்டார்கள். கோராததை எப்படி மீளச் சேர்ப்பது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வியே. ஆனால் சட்டம், கோரிய தேய்வை மட்டுமல்லாமல், கோரியிருக்கக்கூடிய தேய்வையும் கிரயத்திலிருந்து குறைத்தே பார்க்கிறது. (விடுபட்டதை அமெரிக்க வரித் திணைக்களத்தின் 3115ஆம் இலக்கப் படிவத்தின் மூலம் பின்னர் கோர வழியுண்டு, இதனை அறியாமல் எவரும் வீட்டை விற்றுவிடக் கூடாது.)

இவ்விடத்தில் தமிழின் தன்வினை பிறவினை வேறுபாடு நமக்குப் பெருந்துணையாகிறது. ‘கழித்த தேய்வு’ என்றால் கழித்தவர் ஒருவர் இருக்க வேண்டும். ‘கழிந்த தேய்வு’ என்றால், உரிமையாளர் கழித்திருந்தாலும் கழிக்காவிட்டாலும், காலத்தோடு அது கழிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘அலவ்ட் ஓர் அலவபிள்’ (கோரிய அல்லது கோரியிருக்கக்கூடிய) என இரண்டு சொற்களை ‘அல்லது’ இட்டு இணைத்துச் சொல்வதை, ‘கழிந்த’ என்ற இந்த ஓர் எச்சம் தாங்கிக்கொள்கிறது. ‘கழிந்த ஆண்டு’ என்பதுபோலக் ‘கடந்துபோன’ என்ற பொருளோடு குழம்பாதா எனச் சிலர் கேட்கலாம். தேய்வும் ஆண்டுகளோடு கடந்துபோவதே என்பதால், அச்சாயல் சொல்லுக்கு வலுச் சேர்ப்பதாகவே கருதுகிறேன்.

பதிவுக்கான வரைவு: ‘கழிந்ததேய்வு மீள்சேர்ப்பு – வாடகைச் சொத்தை விற்கும்போது, உரிமையாளர் கோரியிருந்தாலும் கோராவிட்டாலும், அதன் கிரயத்திலிருந்து கழிந்த தேய்வின் அளவுக்கு நயத்தில் தனியாகப் பிரித்து வரி விதிக்கப்படும் பகுதி, நயம் அதனினும் குறைவாயின், நயத்தின் அளவே.’ இதில் திருத்த வேண்டியவற்றைத் தெரிவியுங்கள்.