மறு: ‘புஷ் அவுட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். மேசையில் பந்துகளைக் கோலால் அடித்துக் குழியில் தள்ளும் பூல் ஆட்டத்தின் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலில், ‘புஷ் அவுட்’ என்ற அடிக்கு ஒரு நண்பர் சொன்ன யோசனை இது:

> ‘வெளித்தள்ளல்’ என்றே வைத்துவிடலாம். பார்த்ததும் புரியும்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. பூல் ஆட்டத்தில் ‘புஷ்’ இரண்டு இடங்களில் வருகிறது. க்யூ என்னும் கோலின் நுனி வெள்ளைப்பந்தைத் தட்டாமல், ஒட்டிக்கொண்டே உந்திப் போனால் அது புஷ் ஷாட், ஃபவுல். கேரம் ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஸ்ட்ரைக்கரைச் சுண்ட வேண்டும், தள்ளக் கூடாது. புஷ் அவுட்டோ விதியே ஆட்டக்காரருக்குத் தரும் உரிமை. முதலாவதற்கு நம் பட்டியலில் ‘தள்ளடி’ என்று ஏற்கெனவே போட்டாயிற்று. இதற்கும் ‘தள்ளல்’ வந்தால் படிப்பவர் இதையும் ஃபவுல் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

முதலில் இந்த அடி என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளோடு ஆடும் ‘நைன் பால்’ என்ற பூல் வகையில், மேசையில் இருப்பவற்றுள் மிகச் சிறிய எண்ணுள்ள பந்தைத்தான் வெள்ளைப்பந்து முதலில் தொட வேண்டும். பிரேக், அதாவது பந்துகளைக் கலைக்கும் தொடக்க அடி, முடிந்ததும் 1-ஆம் பந்து மற்றவற்றின் பின்னால் மறைந்துவிட்டது என்று வையுங்கள். அப்போது ஆட வேண்டியவர் ‘புஷ்’ என்று அறிவித்துவிட்டு வெள்ளைப்பந்தை விரும்பிய இடத்துக்கு அனுப்பலாம். எந்தப் பந்தையும் தொட வேண்டியதில்லை, மேசை விளிம்பில் பட வேண்டியதும் இல்லை. அதற்கப்புறம் முடிவு எதிராளியின் கையில். அந்த நிலையிலிருந்து அவரே ஆடலாம். வேண்டாம் என்றால் ‘நீங்களே ஆடுங்கள்’ என்று திருப்பிவிடலாம்.

> இப்போது ஒரு கேமில் ஒரே ஒரு முறை வரக்கூடிய விதி இது. இதற்கு ஏன் இத்தனை மடல்கள்?

இன்றைய நிலையை மட்டும் பார்த்தால் சரிதான், பிரேக்குக்கு அடுத்த அடியோடு இந்த உரிமை முடிந்துவிடுகிறது. ஆனால் 1980-களுக்கு முன் அமெரிக்கத் தொழில்முறை நைன் பாலில் இதுதான் ஆட்டத்தின் நெஞ்சு. எந்தக் கட்டத்திலும் புஷ் அவுட் ஆடலாம். பந்தை மறைத்து வைத்துவிட்டுப் போனால் பெரிய லாபம் கிடையாது. எதிராளி வெள்ளைப்பந்தை நகர்த்தி வெளியே வந்துவிடுவார். ஆகவே அடிக்கும் திறமைக்குத்தான் மதிப்பு. இந்தத் தூரம், இந்தக் கோணம் எனக்கு விழும், உனக்கு விழாது என்று கணித்து அந்த இடத்தில் வெள்ளைப்பந்தை விட வேண்டும். மேசையைப் படித்தால் போதாது, எதிரில் நிற்கும் ஆளின் துணிச்சலையும் அன்றைய அவருடைய கையையும் படிக்க வேண்டும். இரண்டு பேர் வாய் திறக்காமல் பேரம் பேசிக்கொள்வதைப் பார்க்கும் சுகம் அந்த ஆட்டத்தில் இருந்தது. அது போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அப்புறம் ‘டெக்சஸ் எக்ஸ்பிரஸ்’ என்ற விதிமுறை பரவியது. ஒரு ஃபவுல் செய்தாலே போதும், எதிராளி வெள்ளைப்பந்தைக் கையில் எடுத்து எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். ஆட்டம் வேகமானது, தொலைக்காட்சிக்கும் பெரிய போட்டிகளுக்கும் தோதாக அமைந்தது. கூடவே பந்தை மறைத்து வைப்பதன் மதிப்பு மளமளவென்று ஏறியது. மறைப்பைத் தாண்டி வெள்ளைப்பந்தைக் குதிக்க வைக்கவென்றே குட்டையான ஜம்ப் க்யூக்கள் வந்தன.

புதிய விதி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மறைவிலிருந்து விளிம்பில் மோதவிட்டுத் திரும்பி வந்து பந்தைத் தொடும் கலை செழித்தது இந்த ஆட்டத்தில்தான். பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரன் ரெயெஸை ‘மந்திரவாதி’ ஆக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1996-ல் ஹாங்காங்கில் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்டிரிக்லண்டுடன், முதலில் 120 கேம்களை வெல்பவருக்கே வெற்றி என்று ஆடி, 120-117 என்று ரெயெஸ் வென்றதை இன்று மறுபடி பார்த்தாலும் அலுக்காது. ஆனாலும் பழைய பேரத்தின் மிச்சமாக நம்மிடம் இருப்பது பிரேக்குக்குப் பிந்திய அந்த ஒரு வாய்ப்புதான். அதன் பெயர் அதன் வேலையைச் சொல்ல வேண்டும்.

நான் முன்வைக்கும் சொல்: கேள்வியடி.

எதிராளி முன்னால் ‘ஆடுகிறாயா, விடுகிறாயா’ என்று ஒரு கேள்வியை வைப்பதுதானே இந்த அடி. வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். “1-ஆம் பந்து மறைந்திருந்ததால் அவர் கேள்வி வைத்தார். எதிராளி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பிவிட்டார்.” வினைச்சொற்கள் தாமாகவே வந்து பொருந்துகின்றன. ‘வெளித்தள்ளல்’ என்று வைத்தால் எதிராளி செய்வதை எப்படி எழுதுவது? அறிவிக்காமல் ஆடினால் அது சாதாரண அடியாகவே கணக்கில் வரும் என்பதால், மேசையருகில் சொல்வதற்குச் சுருக்கமான சொல் தேவை. ‘கேள்வி’ என்றாலே போதும்.

‘தெரிவடி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் சரி. ஆனால் தெரிவு செய்பவர் அடித்தவரா, எதிராளியா என்பது அதில் தெளிவாக இல்லை. ‘வினாவடி’ ஏட்டில் அழகாக இருக்கும்; ஆடுகிறவர் வாயில் வராது.

மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்: “கேள்வியடி: பிரேக்குக்கு அடுத்து, அறிவித்துவிட்டு வெள்ளைப்பந்தை விரும்பியபடி நகர்த்தும் அடி. தொடர்ந்து ஆடுவதா, திருப்பிவிடுவதா என்பது எதிராளியின் முடிவு. இதில் 9-ஆம் பந்து குழியில் விழுந்தால் மேசைக்குத் திரும்பும்.” முன்பு எந்தக் கட்டத்திலும் ஆடலாம் என்றிருந்ததையும் ஒரு வரியில் சேர்த்துவிட வேண்டும், பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் பார்ப்பவர் குழம்பக் கூடாது.

அடுத்தது ‘பால் இன் ஹேண்ட்’, ஃபவுலுக்குப் பிறகு எதிராளி வெள்ளைப்பந்தைக் கையில் எடுத்து வைத்து ஆடும், மேலே சொன்ன அந்த உரிமை. ‘கைப்பந்து’ ஏற்கெனவே வாலிபாலுக்குப் போய்விட்டது. இப்போதைக்கு ‘பந்து கையில்’ என்றே எழுதி வருகிறேன். “ஃபவுல், எதிராளிக்குப் பந்து கையில்” என்றால் இடறவில்லை. வேறு சொல் தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.